கடல் கடக்கும் முன்

(நமது பங்கின் யூபிலி ஆண்டையொட்டி, இலங்கை மலையகத்துப் பள்ளி ஒன்றில் ஒரு மாத காலம் உதவி புரியச் செல்லவிருக்கும் இளைஞர் குழுவினருக்கு நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யூபிலி என்றவுடன் கோயிலுக்கு வெள்ளையடிப்பதும், கொடியேற்றமும், தேர்பவனியும், அசனமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் வேண்டியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டின் லேவியர் ஆகமத்தைத் திறந்து பார்த்தால், யூபிலி என்பது அடிமைப்பட்டோர் விடுதலை பெறும் ஆண்டு. பிரிந்து போனவர் தம் குடும்பத்தாரிடம் திரும்பிச் சேரும் ஆண்டு. நமது யூபிலியை முன்னிட்டு நம் பிள்ளைகள் சிலர் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் போவது மிகப் பொருத்தமே. ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் அந்நியர்கள் அல்லர்.

யாரிடம் போகிறோம்?

1820களில் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் போடப்பட்டபோது, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஏழை மக்கள் தோணியேறிப் போனார்கள். அன்று நமது கம்பம் பள்ளத்தாக்கு மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வரை சென்றவர்களில், காலராவாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர்கள் கணக்கிலடங்கார். அந்த நினைவாகவே 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள்.

கோப்பிச் செடியை நோய் அழித்த பின் தேயிலை வந்தது. மலையெல்லாம் பச்சையாயிற்று, மக்களோ லயன் அறைகளிலேயே இருந்தனர். நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிப் பங்கிட்டது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்றானது. கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தவர்களைத் தமிழகம் எப்படி வரவேற்றது? அங்கே 'இந்தியாக்காரன்' என்று ஒதுக்கப்பட்டவன், இங்கே 'சிலோன்காரன்' ஆனான். அங்கேயே தங்கியவர்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் குடியுரிமை கிடைத்தது.

பள்ளிக்கூடத்தின் கதையும் இதே போன்றதுதான். இலங்கையில் 1945ஆம் ஆண்டிலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. ஆனால் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் ஓராசிரியரோடு, ஒரே கொட்டகையில், அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை ஏற்றது. அதன் பின் அந்த மண்ணிலிருந்தே ஆசிரியர்களும் அதிபர்களும் எழுந்தார்கள். ஆகவே நாம் போகுமிடம் விளக்கில்லாத இருட்டு அன்று. தம் சொந்த உழைப்பால் விளக்கேற்றிக்கொண்டவர்களின் வீடு. அங்கே விருந்தாளியாகத்தான் போகிறோம்.

முன் சென்றவர்கள்

நமது மதுரை மறைப்பணித்தளத்துக்கு 1606இல் வந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி, வந்ததும் செய்த வேலை பிரசங்கம் அன்று, படிப்பு. தமிழ் கற்றார், வடமொழி கற்றார், உணவையும் உடையையும் மாற்றிக்கொண்டார். 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்குப் போன புனித ஜோசப் வாஸ் அடிகளார், கூலிக்காரரின் எளிய கோலத்தில் கரையிறங்கி, தமிழும் சிங்களமும் கற்று, 1711இல் கண்டியில் கண் மூடும் வரை அம்மக்களோடே இருந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் தேதி கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1965இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டில், போகிறவர்கள் அந்நாட்டு மக்களின் மொழியையும் வரலாற்றையும் பழக்க வழக்கங்களையும் கற்றே போகவேண்டும் என்று வற்புறுத்துகிறது.

அவர்கள் ஆயுள் முழுவதும் தங்கியவர்கள். நாமோ ஒரு மாதம் தங்குபவர்கள். அவர்களுக்கே அவ்வளவு ஆயத்தம் தேவைப்பட்டதென்றால், பிழையைத் திருத்திக்கொள்ளக் கால அவகாசம் இல்லாத நமக்கு அதைவிட அதிகம் தேவை.

எப்படி ஆயத்தமாவது?

முதலாவது, அழைப்பு. அந்தப் பள்ளியின் அதிபர் என்ன கேட்கிறாரோ அதைத்தான் செய்யவேண்டும். கணக்குப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டால், நாம் பாட்டும் நடனமும் சொல்லிக்கொடுக்கப் போகக்கூடாது. 'இவ்வளவு பயணச் செலவு எதற்கு? பணத்தை அனுப்பினால் போதாதா?' என்று நம் பங்கில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பணமே வேண்டும் என்று பள்ளி சொன்னால் பணத்தை அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருப்பதே சரியான சேவை. ஆள் வேண்டும் என்று அவர்களே கேட்டால் மட்டும் போகலாம்.

இரண்டாவது, சட்டம். சுற்றுலா விசாவில் போய் வகுப்பறையில் நிற்பது முறையன்று. எந்த விசா வேண்டும் என்பதைத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அரசுப் பள்ளியானால் கல்வி அதிகாரிகளின் அனுமதியும், அந்த மறைமாவட்டத்து ஆயரின் இசைவும் கைக்கு வந்த பிறகே பயணச்சீட்டு.

மூன்றாவது, பாடம். அவர்களுடைய பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் நம்முடையவை அல்ல. அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூல்களைப் பெற்று முன்னரே படித்துவிட வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும், சாதாரண தரப் பரீட்சையும் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பும் வாசல்கள். நம் ஊர்ப் பாடத்திட்டத்தை அங்கே கொண்டுபோய் அவர்களைக் குழப்புவது பெரிய அநீதி.

நான்காவது, பேச்சு. தமிழ்தானே என்று அலட்சியம் வேண்டாம். அங்கே தலைமையாசிரியர் 'அதிபர்', வகுப்பு 'தரம்', நோட்டு 'கொப்பி', பருவம் 'தவணை'. நம் ஊரில் 'தோட்டம்' என்றால் கிணறும் வாழையும் திராட்சைப் பந்தலும் உள்ள சொந்த நிலம். அங்கே 'தோட்டம்' என்றால் கம்பெனியின் தேயிலை மலை. அதில் வேலை செய்பவருக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாமல் தலைமுறைகள் கழிந்திருக்கின்றன. 'உங்களுக்குத் தோட்டம் இருக்கிறதா?' என்று நீங்கள் வாஞ்சையோடு கேட்பதே ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்கக்கூடும்.

ஐந்தாவது, நடத்தை. எழுபத்திரண்டு சீடரை அனுப்பும்போது நம் ஆண்டவர், வைத்ததை உண்ணவும், வீட்டுக்கு வீடு மாறாதிருக்கவும் பணித்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. கொடுத்த அறையில் தங்குங்கள்; கொடுத்த ரொட்டியைச் சாப்பிடுங்கள். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கவேண்டாம். பெற்றோரும் பள்ளியும் சம்மதிக்காமல் ஒரு படமும் எடுக்கவேண்டாம். லயன் வீட்டின் வறுமை நம் கைப்பேசியில் சுற்றுக்கு விடும் பொருள் அன்று. நிறைவேற்ற முடியாத எதையும் வாக்களிக்க வேண்டாம். 'மறுபடி வருவேன்' என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

குளிருக்குக் கம்பளியும், மழைக்குக் குடையும், அட்டைக் கடிக்கு நீண்ட காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஆயத்தம் தொடங்கும் இடம்

பிரியமானவர்களே, இனி சொல்லப்போவதுதான் இவ்வுரையின் சாரம். விடியுமுன் நம் கம்பத்திலும், தேவாரத்திலும், போடியிலும் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்பதை நாம் அறிவோம். நம் தாய்மார் தூக்குச்சட்டியோடு ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். அவர்கள் புறப்படும் நேரத்தில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளை எழுப்பி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்புவது பல வீடுகளில் மூத்த பெண் குழந்தைதான். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன வேற்றுமை? நடுவில் ஒரு கடல் இருக்கிறது, அவ்வளவே.

ஆதலால் நமது குழு ஒரு தீர்மானம் செய்திருக்கிறது. கடல் கடக்க விரும்பும் ஒவ்வொருவரும் அதற்கு முன் மூன்று மாதம், வாரத்தில் ஐந்து மாலை, நம் பங்கின் மண்டபத்தில் இந்த ஏலத்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவேண்டும். எம்மதத்துப் பிள்ளையானாலும் வரலாம். எழுத்துக் கூட்டத் தெரியாத எட்டாம் வகுப்புப் பையனோடு பொறுமையாக உட்காரப் பழகாதவர், ஹட்டனிலோ பதுளையிலோ போய்ப் பழகிவிட மாட்டார். இங்கே புகைப்படம் இல்லை, மாலை மரியாதை இல்லை, வழியனுப்பு விழாவும் இல்லை. இருந்தும் மூன்று மாதம் நிலைத்து நிற்பவரே அங்கே போகத் தகுதியுள்ளவர். இடையில் நின்றுவிடுபவரை நாம் குறை கூறப்போவதில்லை. அவர் போகவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபின் மாலை வகுப்பு தொடரவேண்டும். அங்கே ஒரு மாதத்தில் நாம் கொடுப்பது சொற்பமே. அங்குள்ள ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் சுமக்கும் பாரத்தைச் சில நாள் கைதாங்குகிறோம். ஆனால் அவர்களிடம் நாம் கற்றுவருவது, அவர்கள் எப்படிக் குறைந்த வசதியில் பிள்ளைகளைக் கரையேற்றுகிறார்கள் என்பது, நம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்குப் பல ஆண்டு பயன்படும்.

பங்கு மக்களுக்கு ஒரு விண்ணப்பம். பயணத்துக்கு நன்கொடை தர முன்வந்த அன்பர்களுக்கு நன்றி. அதில் ஒரு பகுதியை மாலை வகுப்பின் விளக்குக்கும் கரும்பலகைக்கும் ஒதுக்க அனுமதி தாருங்கள். குடும்ப செபமாலையில் இந்த இளைஞரையும், மலையகத்து ஆசிரியர்களையும், விடியுமுன் ஜீப்பில் ஏறும் நம் தாய்மாரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். வரும் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். பெயர் கொடுத்தவர்கள் அன்றே வந்து சேர வேண்டுகிறோம்.