அவல் இடித்தல்



காலை உணவாக விற்கப்படும் சோளச் சீவலைத் தொழிற்சாலையில் எங்ஙனம் செய்கின்றனர்? உடைத்த சோளத்தை நீராவியில் அவித்து, ஓரளவு உலர்த்தி, உருளைகளிடையே நசுக்கி, வறுத்தெடுக்கின்றனர். நாம் அவல் இடிப்பதும் இதனை ஒத்ததே.

ஒரே இன நெல்லைத் தெரிந்து, பதரை நீக்கி, 2 அல்லது 3 நாள் ஊறவிடுக. நாள்தோறும் நீரை மாற்றாவிடின் புளித்த வாடை உண்டாகும். கலப்பு நெல் ஒருசீராக ஊறாது. நடு ஊறாத மணி உலக்கைபட்டு நொறுங்கும்.

நீரை வடித்து, உமி வெடிக்கும்வரை வறுத்து, சூடு ஆறுமுன் இடித்துப் புடைத்தல் வேண்டும். ஆறிய மணி தட்டையாகாது. எனவே சிறிது சிறிதாகவே வறுத்தல் நன்று.

அவலை நன்கு உலர்த்திய பின்னரே சேமித்து வைத்தல் வேண்டும். ஈரமிருப்பின் பூஞ்சணம் பிடித்து உழைப்பெல்லாம் வீணாகும். மருந்திட்ட விதைநெல்லை ஒருபோதும் இதற்கு எடுத்தலாகாது. அது உயிருக்கே ஆபத்து.