நன்றியும் நாற்காலியும்

புத்தளம் நகரின் உப்பளங்களைக் கடந்து கற்பிட்டிக் குடாநாட்டை நோக்கிச் செல்வோர், மாலை வேளையில் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். தென்னந்தோப்புகளின் நடுவிலும், பள்ளிக்கூட வளவுகளிலும், களப்போரத்து மணற்பரப்பிலும் இளைஞர் உதைபந்தாடிக்கொண்டிருப்பர். அஸர்த் தொழுகைக்குப் பின்னர் தொடங்கும் ஆட்டம் மஃரிப் பாங்கொலி கேட்டதும் நின்றுவிடும். ஆட்டம் நின்றாலும் அதைப் பற்றிய பேச்சு நிற்பதில்லை. தேநீர்க் கடை வாங்குகளிலே அது இரவுவரை தொடரும்.

அப்பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் வழக்கு ஒன்றுண்டு. நெடுங்காலமாக ஒரு கழகத்தைப் பயிற்றுவித்து வந்தவரை, அணி தோல்விமேல் தோல்வி காணும்போது மாற்றலாமா, மாற்றலாகாதா என்பதே அவ்வழக்கு. “அவர் இல்லாவிட்டால் இந்தக் கழகமே இல்லை, காக்கா” என்பார் ஒருவர். “அது உண்மைதான் தம்பி, ஆனால் பழைய கிண்ணத்தைக் காட்டிப் புதிய கோல் போட முடியுமா?” என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. அதனாலேயே இவ்வழக்கு எளிதில் தீர்வதில்லை.

இதே வழக்கு உலகறிய நடைபெற்ற இடம் இலண்டன் மாநகர். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் இலங்கையில் இரவு 8.30 மணி ஆட்டமாகிறது. அந்நாட்டுக் கழகங்களைத் தம் ஊர்க் கழகங்களைப் போலவே கருதி வாதாடும் இரசிகர்கள் இக்கரையில் உண்டு. ஆதலின் ஆர்சேன் வெங்கரின் கதை அவர்களுக்குப் புதிதன்று.

பிரெஞ்சுக்காரரான வெங்கர் 1996ஆம் ஆண்டில் ஆர்சனல் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். 1998, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் அவரது அணி இங்கிலாந்தின் சம்பியனாயிற்று. 2003–2004 பருவத்தில் ஆடிய 38 ஆட்டங்களுள் ஒன்றிலேனும் அது தோற்கவில்லை. 26இல் வெற்றியும் 12இல் சமநிலையும் கண்டது. 2006இல் கழகம் ஏறத்தாழ 60,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. அரங்கின் கடன் கழுத்தை நெரித்த அவ்வாண்டுகளில், சிறந்த வீரர் பலர் விலகிச் சென்றனர். 2005க்குப் பின்னர் 2014 வரை பெருங்கிண்ணம் எதுவும் கைக்கு எட்டவில்லை. பொறுமை இழந்தோர் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று.

2017 மார்ச் மாதத்தில் வெஸ்ட் புரொம்விச் கழகத்துடன் ஆர்சனல் மோதியபோது, வெங்கர் வெளியேற வேண்டும் எனும் பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு விமானம் மைதானத்தின் மேலே பறந்தது. அவரை நம்புகிறோம் எனும் பதாகையுடன் இன்னொரு விமானமும் அதே நாளிற் பறந்தது. ஒரே கழகத்தின் அன்பர்கள் இரு கூறாகி வானத்திலும் வழக்காடினர். ஓராண்டு கழிந்து, 2018இல், ஒப்பந்தக் காலம் முடியுமுன்னரே வெங்கர் விடைபெற்றார். 2023ஆம் ஆண்டில் அக்கழகம் தன் அரங்கின் வெளியே அவருக்குச் சிலை நிறுவிற்று. போகச் சொன்ன கழகமே சிலையும் வைத்தது முரண்பாடு என்று சிலர் கூறலாம். அஃது முரண்பாடன்று. பதவி முடிந்தது, நன்றி முடியவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதைக் கழகம் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்துகொண்டது.

எனினும், மாற்றினால் மட்டும் மருந்தாகிவிடுமா? வெங்கருக்குப் பின் வந்த உனாய் எமெரி, ஒன்றரை ஆண்டிலே விலக்கப்பட்டார். அடுத்து வந்த மிக்கேல் ஆர்த்தெட்டா 2020இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றபோதிலும், அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அணி 8ஆம் இடத்தையே பெற்றது. அவரையும் அகற்றுமாறு குரல்கள் எழுந்தன. கழகம் காத்திருந்தது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அணி இரண்டாமிடத்துக்கு உயர்ந்தது.

காத்திருப்பின் பயனுக்கு இன்னும் பெரிய சான்று மன்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் உண்டு. அலெக்ஸ் பெர்குசன் அங்கே பொறுப்பேற்றது 1986 நவம்பரில். மூன்றாண்டு கழிந்தும் வெற்றி வாராமையால், 1989 டிசெம்பரில், சாக்குப்போக்குகள் போதும், போய் வாரும் என்ற கருத்தில் ஓர் இரசிகர் பதாகை பிடித்தார். அன்று அவர் சொற்படி நடந்திருந்தால், 1990இன் எப்.ஏ. கிண்ணமும், 1993 முதல் வந்த 13 சம்பியன் பட்டங்களும் அக்கழகத்துக்குக் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

ஆனால் அதே பெர்குசனின் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 2013இல் அவர் ஓய்வு பெற்றபோது, தமக்குப் பின் வரவேண்டியவர் என்று டேவிட் மோயிசைத் தாமே சுட்டிக்காட்டினார். மோயிசுக்கு ஆறாண்டு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அவர் நிலைத்ததோ பத்து மாதங்களே. 2014 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். 26 ஆண்டுகளாக ஒருவர் தோளிலேயே தங்கியிருந்த பாரத்தை, ஒரே நாளில் மற்றொருவர் தோளுக்கு மாற்ற முனைந்ததன் விளைவு அது.

ஆசியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக விளங்கிய சையத் அப்துல் ரஹீம், அந்நகரப் பொலிஸ் அணியை நெடுங்காலம் பயிற்றுவித்தார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை அவ்வணி வென்றது. இந்திய அணியும் அவரது பயிற்சியிலேயே 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டு விழாக்களில் தங்கப் பதக்கம் பெற்றது. 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தை அடைந்தது. ஜகார்த்தாவில் இரண்டாவது தங்கம் பெற்ற மறு ஆண்டே, 1963 ஜூனில், அவர் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவேயில்லை. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும், ஒரு பேராசான் மறையும்போது அவரது கலையும் எவ்வளவு தூரம் உடன் மறைந்துவிடக்கூடும் என்பதற்கு அஃதொரு சான்று.

இக்கதைகள் யாவும் சேர்ந்து ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. ‘இருக்கட்டும்’ என்போரும் ‘போகட்டும்’ என்போரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றே: அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருப்பவர் யார்?

உடப்புக் கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது. தோணி வலையை வளைத்துவிட்டு வர, இரு முனைகளிலும் ஆட்கள் வடம் பிடித்து இழுப்பர். ஒருவர் முன்னடியைப் பாட ஏனையோர் பின்னடியை ஏற்கும் அம்பாப் பாட்டு கரையெங்கும் ஒலிக்கும். நீரோட்டத்தையும் மீனின் அசைவையும் கண்ணால் அளக்கும் மூத்தவரின் சொல்லுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. அந்த அறிவை எவரும் ஏட்டிற் படிப்பதில்லை. அருகே நின்றே கற்கின்றனர். மூத்தவரின் கண் மங்கிய பின்னர் இளையவரைத் தேடத் தொடங்கினால், அன்றைய வலை வெறுங்கையோடுதான் கரை சேரும்.

கடலோர ஊர்க் கழகத்துக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகவே பொருந்தும். பெருநகரப் பயிற்றுநருக்குச் சம்பளமும் ஒப்பந்தமும் உண்டு. நீக்கினால் நட்டஈடும் உண்டு. வேறு நாட்டில் வேறு கழகமும் உண்டு. ஊர்ப் பயிற்றுநருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லாதிருப்பதே பெரும்பான்மை. பகலில் அவர் ஆசிரியராகவோ கடற்றொழிலாளியாகவோ இருப்பார். மாலையில் பந்துக்குக் காற்றடிப்பார். எந்தப் பையன் வீட்டில் அன்று அடுப்பெரியவில்லை என்பதும், எவனுக்குக் காலில் காயம் இருந்தும் மறைக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இலண்டனில் நீக்கப்பட்டவர், தம்மை நீக்கியவர்களை மறுநாள் காணவேண்டியதில்லை. கற்பிட்டியிலோ முந்தலிலோ அவ்வாறன்று. அதே ஒழுங்கையில், அதே பள்ளிவாசலில், அதே கோயில் வீதியில், அதே மீன் சந்தையில் ஒருவரை ஒருவர் நாள்தோறும் சந்திக்க வேண்டும். ஒரு தோல்வியின் சினத்திலே சொல்லப்படும் ஒரு சொல், இரு குடும்பங்களை இருபது ஆண்டுகள் பேசாதிருக்கச் செய்யவும் கூடும்.

ஆனால் மரியாதை என்ற பெயரில் வாய் மூடி இருப்பதும் நீதியாகாது. பதினாறு வயதில் திறமையோடு நிற்கும் பையனுக்குக் காலம் காத்திருப்பதில்லை. பயிற்றுநரின் பழைய முறையால் அவனுக்கு வாய்ப்புக் கிட்டாமற் போனால், இழந்த மூன்று ஆண்டுகளை எந்தக் கழகமும் அவனுக்குத் திருப்பித் தர இயலாது. பயிற்றுநருக்குக் கழகம் கடன்பட்டிருக்கிறது. அந்தப் பையனுக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறது. முன்னவருக்கு உரிய கடனைப் பின்னவனின் கையிலிருந்து பறித்துக் கொடுப்பது முறையன்று.

ஆகவே, வெல்லும் காலத்திலேயே வாரிசைத் தேடும் கழகமே அறிவுடைய கழகம். மூத்தவரின் பக்கத்தில் இளையவர் ஒருவரை உதவியாளராக நிறுத்தலாம். முதலில் சிறுவர் அணியை அவரிடம் ஒப்படைக்கலாம். பருவம் தொடங்குமுன்னரே எதை வைத்து மதிப்பிடுவது என்று இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். மாற்றும் நாள் வந்தால், அதனைத் தேநீர்க் கடையில் அவர் கேட்டறியும்படி விடாது, வீடு தேடிச் சென்று நேரிற் சொல்லலாம். பின்னர் மைதானத்திலே அவருக்கென ஓர் இடத்தையும் வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பண்பு இருந்தாற் போதும்.

சிலை நிறுவ இலண்டனுக்கு வசதி உண்டு. புத்தளத்துக் கரையில் அதற்கு ஈடான மரியாதை வேறு வகையானது. பொறுப்பை விட்டு ஓராண்டு கழிந்த ஒரு மாலைப்பொழுதில், அந்த முதியவர் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்கும்போது, புதிய பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தி, “சேர், இந்தப் பையனின் இடது காலைக் கொஞ்சம் பாருங்கள்” என்று அழைத்தால், அந்தக் கழகம் தன் கடனைத் தீர்த்துவிட்டது என்று கொள்ளலாம்.