டிராஃப்டர் இல்லாத கை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

'ஏதாவது பயனுள்ளதா பேசுப்பா' என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேச எனக்குத் தகுதி இல்லை. கையால் படம் போட்டுப் பழகுவது எப்படி என்று பேசுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் 2011-இல் இங்கே இயந்திரவியல் முடித்தவன். முதலாண்டு என்ஜினீயரிங் டிராயிங்கில் நல்ல மதிப்பெண். மினி டிராஃப்டர் இருந்தால் எதையும் போடுவேன். 2014-இல் ஒரு பம்ப் ஹவுஸ் வேலையில் இருந்தேன். குழாயைத் தாங்க ஆறு பிராக்கெட் செய்ய வேண்டும். வரைபடம் வரத் தாமதமானதால் ஃபிட்டர் அண்ணனிடம் வாயாலேயே விளக்கினேன். "சார், சொன்னா பிடிபடலை. ஒரு படம் போட்டுக் காட்டுங்க" என்றார். பென்சிலை எடுத்தேன். டிராஃப்டர் இல்லை; கை நகரவில்லை. "அதெல்லாம் வேண்டாம், சொன்னபடி செய்யுங்க" என்று சமாளித்துவிட்டேன்.

ஆறும் இடம் வலம் மாறி வந்தன. வெட்டி, மறுபடி வெல்டிங் வைக்க இரண்டு நாள் ஆயிற்று. பதிவேட்டில் 'ஃபிட்டரின் தவறு' என்று எழுதினார்கள். அந்த இரண்டு நாள் கூலி அவருக்கு வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இதை இத்தனை பேர் முன்னால் இன்றுதான் சொல்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. சாக்பீஸை எடுத்து, இரும்புத் தகட்டின்மேல் சில கோடுகளில் அந்தப் பிராக்கெட்டை முப்பரிமாணமாகப் போட்டு, "இதைத்தானே சார் சொன்னீங்க?" என்றார். எட்டாவது வரை படித்தவர். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "தினமும் போடறேன் சார், அவ்வளவுதான்."

'படம் போடுவது பிறவி வரம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். கோலத்தை அப்படிச் சொல்கிறோமா? மார்கழிக்கு முன்பே பழைய நோட்டில் புள்ளி வைத்துப் பழகித்தானே அம்மா வாசலில் போடுகிறார்! அன்று முதல் நானும் தினம் பத்து நிமிடம் பழகினேன். எனக்குப் பலன் தந்த ஐந்து பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கோடு. ஒரு சாண் தள்ளி இரண்டு புள்ளி வையுங்கள். ஸ்கேல் இல்லாமல் இணையுங்கள். மணிக்கட்டை மடக்காமல் முழங்கையும் தோளும் சேர்ந்து நகரட்டும். கண் பென்சில் முனையில் வேண்டாம். போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும். தினம் இருபது கோடு போதும்.

இரண்டாவது, எவர்சில்வர் டம்ளர். வாய் விளிம்பைக் கண் மட்டத்தில் பிடித்தால் அது ஒரே கோடு. கீழே இறக்க இறக்க வட்டம் விரியும். மேஜைமேல் இருக்கும்போது, வாயைவிட அடிப்பாக விளிம்பு இன்னும் கொஞ்சம் விரிந்த வளைவு. நாமோ அடியைத் தட்டையாகப் போட்டுவிடுகிறோம். ஃபிளாஞ்ச், புல்லி எல்லாம் இந்த டம்ளருக்குச் சொந்தக்காரர்கள்தான்!

மூன்றாவது, தாளைப் பார்க்காமல் வரைவது. பார்வை பொருளின் ஓரத்தில் எறும்புபோல ஊர, பென்சிலும் அதே வேகத்தில் ஊர வேண்டும். கிமோன் நிக்கொலாய்டீஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் பாடமுறை இது; அவர் மறைவுக்குப் பின் 1941-இல் நூலாக வந்தது. படம் கோணலாகத்தான் வரும். சிரித்துவிட்டுத் தொடருங்கள். பழகுவது கையல்ல, கண்.

நான்காவது, தலைகீழ்ப் படம். பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் வெளியிட்ட நூலில், பிக்காசோ வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொல்கிறார். 'இது மூக்கு, இது விரல்' என்ற பெயர்கள் மறந்துபோய், கோடும் கோணமும் மட்டும் கண்ணில் படும்.

ஐந்தாவது, இடைவெளி. நாற்காலியைப் போடாதீர்கள், கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தைப் போடுங்கள். நாற்காலி தானாக வந்து உட்காரும்.

தேதி போட்டு ஒரே நோட்டில் செய்யுங்கள். அழிரப்பர் வேண்டாம், தவறான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்.

'கம்ப்யூட்டர் இருக்கே அண்ணா' என்பீர்கள். இருக்கிறது, நானும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் எதிரே நிற்பவர் "புரியலை" என்று சொல்லும் அந்த நிமிடத்தில் நம்மிடம் இருப்பது ஒரு பென்சிலும் கையும்தான். இப்போது நான் யாரிடமும் வேலை சொல்வதற்கு முன் படம் போட்டுக் காட்டுகிறேன். பென்சிலை அவரிடம் கொடுத்து, "தப்பு இருந்தா திருத்துங்கண்ணே" என்கிறேன். பல தடவை திருத்தியிருக்கிறார்கள்.

அந்த ஃபிட்டர் அண்ணனை அடுத்த ஆண்டு தேடிப் போனேன். வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கூலி இன்னும் என் கணக்கில் பாக்கி. தம்பி தங்கைகளே, உங்கள் கணக்கில் அப்படி ஒரு பாக்கி ஏற வேண்டாம். இன்று ராத்திரி விடுதிக்குப் போனதும் ஒரு டம்ளரை எடுத்து மேஜைமேல் வையுங்கள்.