குளிர்காலத்துப் படகு வாசம்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலே மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கும் சமயத்தில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், வீட்டைப் பூட்டிவிட்டு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமே உள்ள பாய்மரப் படகில் ஏறி, குளிர்காலம் முழுவதையும் அதிலேயே கழிக்கும் உத்தேசத்துடன் பஹாமாஸ் தீவுகளை நோக்கிப் பிரயாணமாகிறார்கள். சூறாவளிப் பருவம் நவம்பர் 30-ஆம் தேதி வரை நீடிப்பதால், அவர்கள் அவசரப்படுவதில்லை.

ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸைச் சேர்ந்த பிமினித் தீவுக்கும் இடையே உள்ள சுமார் 80 கிலோமீட்டர் கடல்தான் பரீட்சை. அங்கே வளைகுடா நீரோட்டம் என்னும் உஷ்ணப் பிரவாகம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வாடைக்காற்று அதை எதிர்த்து வீசினால் அலைகள் செங்குத்தாக எழுந்து சிறு படகைப் படாதபாடு படுத்திவிடுமாதலால், காற்று தென்றலாக மாறும் வரை, சில சமயம் வாரக்கணக்கில், துறையிலேயே காத்துக் கிடப்பார்கள். பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வாழ்க்கை லாயக்கில்லை.

அக்கரை சேர்ந்தால், அடிமணல் தெரியும் தெளிந்த ஜலம். ஆனால் குடிநீருக்குத்தான் பஞ்சம். பாத்திரங்களைச் சமுத்திர ஜலத்தில் துலக்கி, ஒரு குவளை நன்னீரால் அலசி எடுப்பார்கள். நங்கூரம் பாய்ச்சும்போது, முனையில் நிற்கும் மனைவியின் குரல் சுக்கான் பிடித்திருக்கும் கணவரின் காதை எட்டாதாகையால், எல்லாம் கைச்சாடைதான். அந்த ஒரு காரியத்திலாவது மறுபேச்சுக்கு இடமில்லை!