படக்கதையும் பகுத்தறிவும்

(மேனாம்பேட்டில் பேசியது)



படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பவர்கள் இவ்வூரிலும் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தமிழில் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடம்பு மறைந்துவிடுகிறது; இரும்புக்கை மட்டுமே தெரிகிறது.

இது நடக்குமா? நடக்காது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் சாவான். மறைந்தான் என்றே வைத்துக்கொண்டாலும், ஒளியை விழித்திரை வாங்கினால்தானே பார்வை? ஒளி ஊடுருவிப்போகும் கண்ணால் எதையும் பார்க்க முடியாதே!

பின் ஏன் படிக்க வேண்டும் என்பீர்கள். மந்திரத்தால் மறைந்தான் என்றால் கேள்விக்கு இடமில்லை. மின்சாரத்தால் என்றாலோ, பத்து வயதுப் பிள்ளையும் “எப்படி?” என்று கேட்கும். ஆகவே, புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். அந்தக் கேள்வியை அடக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் பிள்ளையோடு உட்கார்ந்து தேடுங்கள்.