மணற்சூடும் ஆமைக்குஞ்சும்



வெள்ளவத்தைக் கரையோரமாகத் தெற்கே செல்லும் புகையிரதப் பாதையிற் கொஸ்கொட என்னும் ஊர் உண்டு. அதன் கடற்கரையிலே ஆமைகள் இரவில் ஏறி, மணலிற் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. குஞ்சுகள் வெளிவர 50 முதல் 60 நாள் வரை செல்லும்.

மனிதக் குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் கருவுறும்போதே நிறமூர்த்தங்கள் தீர்மானிக்கின்றன. கடலாமைக்கோ அத்தகைய நிறமூர்த்தம் இல்லை. மணலின் வெப்பநிலையே அதனைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியசுக்குக் கீழே ஆண்கள் மிகும். மேலே பெண்கள் மிகும். அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கே இதற்குரிய வேளை.

வெறுஞ்சூடு இதனை எவ்வாறு செய்கிறது? முளையத்தின் ஒவ்வொரு கலத்திலும் பரம்பரையலகுகள் யாவும் உள்ளன. ஆனால் அவையெல்லாம் ஒரே வேளையிற் தொழிற்படுவதில்லை. பல பூட்டப்பட்டே கிடக்கின்றன. எந்தப் பூட்டு எப்போது திறக்கிறது என்பதே வளர்ச்சியின் மருமம். காதோரம் செந்நிறக் கோடுடைய நன்னீராமை ஒன்றிலே சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில் இதனைக் காட்டினர். குளிர்ந்த சூழலிற் கே.டி.எம். 6பி என்னும் பரம்பரையலகு உருவாக்கும் புரதம், டி.எம்.ஆர்.டி. 1 என்னும் பரம்பரையலகின்மீதுள்ள இரசாயனப் பூட்டை அகற்றுகிறது. அது விழித்தெழ, முளையத்தின் இழையம் விதையாகிறது. சூடு மிகுந்தாற் பூட்டுத் திறப்பதில்லை. அதே இழையம் சூலகமாகிறது.

இது வெறும் ஆராய்ச்சிக்கூடச் செய்தியன்று. அவுஸ்திரேலியாவின் வடபகுதிப் பவளப்பாறைத் தொடரிலே, வெப்பமான கரைகளிற் பிறந்த இளம் பச்சையாமைகளில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவை பெண்களே என்று 2018இல் வெளியான ஆய்வொன்று கண்டது. ஆண்கள் அருகினால் வருங்கால முட்டைகள் கருவுறுவது எங்ஙனம்?

இலங்கைக் கரைகளில் ஐந்தினக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. தென்கரைப் பொரிப்பகங்களில் அம்முட்டைகளை எடுத்து வேறிடத்திற் புதைக்கிறார்கள். நோக்கம் நன்று. ஆயினும் வெயில் சுட்டெரிக்கும் மணலையோ முழு நிழலையோ தெரிந்தெடுப்பவர், தாம் அறியாமலே ஒரு தலைமுறையின் பாலையும் தெரிந்தெடுத்துவிடுகிறார். ஆதலால், தாயாமை தோண்டிய குழியிலேயே முட்டையைக் காவல் செய்து விடுவதே சிறந்தது. அது இயலாதவிடத்து, மணலில் வெப்பமானியை வைத்து அளந்தறிந்து, வேண்டுமளவுக்குத் தென்னோலை நிழல் அமைக்கலாம்.

பொரிப்பகத்தைக் காணச் செல்லும் அன்பர்கள், எத்தனை குஞ்சுகள் பொரித்தன என்று கேட்பதோடு நில்லாது, மணலின் சூடு எத்தனை பாகை என்றும் கேட்பார்களாக.