துப்பாக்கியும் மறதியும்



சுண்ணாம்பாற்றின் கரையிலுள்ள நோணாங்குப்பத்தில் வளர்ந்த எனக்கு, புதுச்சேரியின் பழங்கதைகளில் ஈடுபாடு அதிகம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சிநாதன் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அதற்குமுன் அவர் புதுச்சேரிக்கு வந்து, வ. வே. சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றிருந்தார். அவர் ஏந்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அச்செயலின் நன்மை தீமையை ஆராய்வது இன்று என் நோக்கமன்று. அவ்வகைக் கருவியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அது அரைத் தானியங்கி வகையைச் சேர்ந்தது. ஒரு முறை சுட்டதும், வெடிப்பின் விசையே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலின் அறைக்குள் ஏற்றிவிடும். ஆகவே, சுட்டு முடித்த கணமே அது மீண்டும் சுடுவதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. இவ்வசதியே அதன் அபாயம்!

இதனைத் தடுக்க அறிஞர்கள் படிப்படியாக முயன்றனர். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1900ஆம் ஆண்டு மாதிரியில், விரலால் நகர்த்தும் தடைநெம்புகோலை அமைத்தார். அதை நகர்த்த மறப்பவர் உண்டல்லவா? 1903ஆம் ஆண்டு மாதிரியில், கை பிடியை இறுகப் பற்றினாலன்றிச் சுட இயலாத அமைப்பு வந்தது. தோட்டாப் பெட்டியைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என எண்ணுவோர் பலர். அறையிலோ ஒரு தோட்டா எஞ்சியிருக்கும். 1910ஆம் ஆண்டு மாதிரி, பெட்டி இல்லாதபோது சுடாதபடி மூன்றாவது தடையையும் சேர்த்தது. ஒவ்வொரு தடைக்குப் பின்னும் மனிதனின் ஒரு மறதி நிற்பதைக் காணுங்கள்.

நான் தேசிய மாணவர் படையில் பயின்ற நாளில், ஒரு மாணவன் தன் துப்பாக்கியைக் "காலி" என்று உறுதியாகக் கூறினான். பயிற்சியாளர் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்தார். சுடப்படாத தோட்டா ஒன்று மண்ணில் விழுந்தது. எவரும் பேசவில்லை. "வாய் சொன்னதை நம்பாதே, கண்ணால் பார்" என்றார் அவர்.

முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில், வேதியியல் கூடத்திலும் மின்விசைப் பலகையின் முன்னும் அச்சொற்களையே நான் சொல்லி வந்தேன். பொறி எத்தனை தடைகளைத் தாங்கினும், இறுதித் தடை மனிதனின் விழிப்பே ஆகும். அதனை மறவாதீர்கள்.